அரை இடத்து ஆனந்தம்

ஜமைக்கா என்னும் கரிபியன் தீவு 1962 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஆங்கில ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, அதன் தலைநகரான கிங்ஸ்டனில் செழித்த ‘ஸ்கா’ என்னும் ஆட்டச் சங்கீதத்தையும், 1966-இல் அதிலிருந்து கிளைத்து இரண்டாண்டு போல மட்டுமே தனியரசு செலுத்திய ‘ராக்ஸ்டெடி’யையும், மணவூரில் குடியிருக்கும் ஒருவன் விரும்பிக் கேட்கிறான் என்றால், ஊரார் புன்னகை செய்வது நியாயமே. ஆடிக்கிருத்திகைக் காவடிக்கு முழங்கும் பம்பையும் உடுக்கையும் போதாதா என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: அவற்றைக் கேட்ட காதுதான் இதையும் கேட்கச் சொல்கிறது.

நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டே ஒரு ஸ்கா பாட்டைக் கேட்டால், கை விழுகிற இடத்தில் கிட்டாரும் பியானோவும் மௌனம் சாதித்து, கை மேலே எழுகிற அரை இடத்தில் மட்டும் சுருக்கென்று வெட்டி ஓய்வதைக் காணலாம். சமத்தில் தொடங்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில் பழகியவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமன்று. ஆயினும் நம் வித்வான்கள் எங்கே எடுத்தாலும் கணக்கை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்துத் தீர்மானம் வைப்பார்கள், இவர்களோ பாட்டு முடியும்வரை அந்த அரை இடத்திலேயே குடியிருக்கிறார்கள். மிருதங்கம் வாசிக்கும் எங்கள் தெருப் பெரியவர் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, “கணக்கு என்று ஒன்றும் இல்லை, தம்பி, ஆனால் நடை குலையவில்லை” என்றார். அவரிடமிருந்து இது சாமானியமான பாராட்டன்று.

நடை குலையாமைக்குக் காரணம் உண்டு. கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல், ஏழைச் சிறுவர்களுக்கும் அடங்காப் பிள்ளைகளுக்கும் புகலிடமாக இருந்தது; அங்கே பேண்டு வாத்தியம் கண்டிப்போடு கற்பிக்கப்பட்டது. 1964-இல் அமைந்த ஸ்கடலைட்ஸ் என்னும் ஸ்கா குழுவின் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். ராணுவ பேண்டின் சாதகம், அமெரிக்க வானொலியில் கேட்ட ஜாஸ், தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிவைத்து இசைத்தட்டுப் போட்டு ஆடும் ஏழைகளின் உற்சாகம் ஆகிய மூன்றும் அவர்கள் ஊதுகுழல்களில் ஒன்றுகூடின. அன்னியரின் பேண்டைக் கேட்டு அதைத் தமதாக்கிக்கொள்வது எங்கள் பக்கத்தாருக்குப் புதிதல்லவே; திருத்தணி முருகன் சந்நிதியில் முதல் கிருதி பாடியதாகச் சொல்லப்படும் முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் இயற்றினார்; அவற்றுள் ஒன்று அவர்களுடைய ராஜவாழ்த்தின் மெட்டே.

ஸ்காவைவிட ராக்ஸ்டெடியே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். வேகத்தைத் தணித்து, ஊதுகுழல்களைப் பின்னுக்குத் தள்ளி, பேஸ் கிட்டாரை முன்னே கொண்டுவந்த இந்த மாறுதலில், டிரினிடாட்டிலிருந்து வந்த லின் டெயிட் என்னும் கிட்டார்க்காரருக்குப் பெரும் பங்குண்டு. 1966-இல் ஹோப்டன் லூயிஸ் பாடிய ‘டேக் இட் ஈஸி’யை இதன் முதல் பாட்டு என்று பலர் சொல்வார்கள். முன்னாள் போலீஸ்காரரான டியூக் ரீட் தம் மதுக்கடையின் மாடியில் அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆல்டன் எல்லிஸ் பாடியவற்றைக் கேளுங்கள்: பேஸ் நாலு வார்த்தை பேசும், நிறுத்தும், யோசித்ததுபோல் மறுபடியும் பேசும், அந்த இடைவெளியில் பாடகரின் குரல் அவசரமில்லாமல் வந்து அமரும். துரிதகாலத்தில் தப்பித்துக்கொள்ளும் பாடகர் விளம்பகாலத்தில் அகப்பட்டுக்கொள்வார் என்பது எல்லாச் சங்கீதத்துக்கும் பொது, எல்லிஸ் அகப்படவில்லை.

இந்தச் சங்கீதம் பின்னர் இங்கிலாந்தில் மறுபிறவி எடுத்ததில் நம் நீலகிரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகனாக 1955-இல் உதகமண்டலத்தில் பிறந்த ஜெர்ரி டாமர்ஸ்தான், கவென்ட்ரி நகரில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்த ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவுக்கு மூலபுருஷர். 1979-இல் அவர் தொடங்கிய ‘டூ டோன்’ கம்பெனியின் இசைத்தட்டுகள் ஸ்காவை ஒரு புதிய தலைமுறையின் கைக்குக் கொண்டுபோயின. டாண்டி லிவிங்ஸ்டன் 1967-இல் பாடிய ராக்ஸ்டெடிப் பாட்டொன்றை அவர்கள் மீண்டும் பதிவு செய்தபோது, பழைய தட்டில் டிராம்போன் ஊதிய ரீகோ ரோட்ரிகஸையே அழைத்து ஊதச் செய்தார்கள். அவர் ஆல்ஃபா பள்ளியில் டிரம்மண்டிடம் கற்றவர். 1981-இல் இங்கிலாந்தின் நகரங்களில் வேலையின்மையும் கலவரமும் மூண்டிருந்த வேளையில், டாமர்ஸ் எழுதிய ‘கோஸ்ட் டவுன்’ அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதிலும் ரீகோவின் டிராம்போன் உண்டு.

ஆட்டத்துக்குரிய நடையிலே பாழடைந்த ஊரைப் பாடிய அந்தத் துணிவை மெச்சாதவர் இல்லை, நானும் மெச்சுகிறேன். ஆனால் மூலத்தைவிட இதுவே மேல் என்று வாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கவென்ட்ரிக்காரர்களிடம் கோபம் மிகுதி, இளைப்பாறல் குறைவு. வேலைக்காகாத ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நான் தேடுவது ஆல்டன் எல்லிஸைத்தான்.