புத்தகம் பொய் சொல்லட்டும் என்கிறது சட்டம்

பழைய மாருதி ஸென் கார் ஒன்றின் ஆர்.சி. புத்தகத்தில் 993 சி.சி. என்று இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பது எஸ்டீமின் 1298 சி.சி. எஞ்சின். புனே, பெங்களூரு, கொச்சி, கோயம்புத்தூர் என எந்த ஊர்க் கார்ப் பித்தரைக் கேட்டாலும் இப்படி ஒரு காரைத் தெரியும் என்பார். யாருடையது என்று மட்டும் சொல்லமாட்டார். காரணம் எளியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு அந்தக் காரை ஏற்பதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இது பாதுகாப்புக்கான தடை என்றே படித்தவர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள். ஆனால் தடை நடைமுறையில் செய்வது வேறு. சோதிக்கப்பட வேண்டிய காரைச் சோதனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. அரசின் பதிவேட்டைப் பொய்யாக்குகிறது. நுட்பமான ஒரு தொழிலறிவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

முதலில் சட்டத்தின் சொற்களைப் பார்க்க வேண்டும். 1988-இல் இயற்றப்பட்டபோது 52-ஆம் பிரிவு கேட்டது ஒன்றைத்தான்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் துல்லியமற்றுப் போகும்படி எவரும் வாகனத்தை மாற்றக் கூடாது, மாற்ற விரும்பினால் பதிவு அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வாக்கியத்தின் எலும்பையே முறித்துப்போட்டது. சான்றிதழ் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றவே கூடாது என்றாயிற்று. ‘ஒப்புதல் பெற்றாலன்றி’ என்ற நிபந்தனைத் தொடர் பொது விதியிலிருந்து மறைந்தது. வேறு எரிபொருளுக்கு மாறுவது போன்ற சில இனங்களுக்கு மட்டும் வாசல் திறந்துவைக்கப்பட்டது.

இதைச் சட்ட வரைவாளரின் நடை மாற்றம் என்று கடந்துபோக முடியாது. பழைய வாக்கியத்தில் அளவுகோல் உண்மை. கார் எப்படி இருக்கிறதோ அப்படியே புத்தகமும் இருக்க வேண்டும். கார் மாறினால் புத்தகமும் மாறும். புதிய வாக்கியத்தில் அளவுகோல் தயாரிப்பாளரின் சொல். தொழிற்சாலை வாசலில் ஒருமுறை எழுதப்பட்டதற்குக் கார் தன் ஆயுள் முழுக்கக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். முன்னது ஆவணத்தைப் பொருளுக்குப் பொறுப்பாக்கியது. பின்னது பொருளை ஆவணத்துக்கு அடிமையாக்கியது. 2019 ஜனவரி 9 அன்று கே. ஜெயச்சந்திரா வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இந்தப் புதிய வாக்கியத்தை அதன் நேர்ப்பொருளிலேயே படித்தது. சொற்கள் அப்படி இருக்கும்போது நீதிமன்றத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. குறை, சொற்களைத் தேர்ந்த நாடாளுமன்றத்துடையது.

விளைவில் இருக்கும் முரணைக் கவனிக்கலாம். எஞ்சின் மாற்றம் நின்றுவிடவில்லை. அதைப் பதிவுசெய்யும் வழிதான் அடைபட்டது. ஆகவே 1988-இன் சட்டம் எதைத் தவிர்க்க நினைத்ததோ, அதாவது புத்தகம் ஒன்றும் கார் வேறொன்றுமாக இருப்பதை, இன்றைய சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது.

ஸென் ஏன் இந்தக் கதையின் நாயகன் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993-இல் வந்த அந்தச் சிறிய காரின் எடை ஏறத்தாழ 750 கிலோ. அதன் அலுமினிய எஞ்சின் தொடக்கத்தில் 50 குதிரைத்திறனே தந்தது என்றாலும், எடை குறைவாதலால் அன்றைய இந்தியச் சாலைகளில் அது துள்ளியது. ‘ஹாட் ஹேட்ச்’ என்ற சொல் இங்கே பரவுமுன் அந்தச் சொல்லின் பொருளை இளைஞர்களுக்குக் கற்பித்தது அதுதான். எஸ்டீமின் எஞ்சினும் சுசுகியின் அதே ‘ஜி’ குடும்பத்தைச் சேர்ந்தது. கார்புரேட்டரோடு 65, பின்னாளில் எரிபொருள் உட்செலுத்தலோடு 85 குதிரைத்திறன். தம்பியின் வீட்டில் அண்ணன் குடியேறுவதைப் போன்ற மாற்றம் இது.

ஆனால் குடியேற்றம் அத்தனை எளிதன்று. முன்சக்கரங்களின் மேல் எடை கூடும். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டுகள், சக்கரங்களுக்குத் திறனைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டுகள், கிளட்ச், ரேடியேட்டர், வயரிங் என ஒவ்வொன்றும் புதிய சுமைக்கு ஈடுகொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உயர்வது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் 130-க்குப் போனால் வேகம் 30 விழுக்காடுதான் கூடுகிறது. பிரேக் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டிய ஆற்றலோ 69 விழுக்காடு கூடுகிறது. முன்னால் சிறிய டிஸ்க், பின்னால் டிரம் என்றிருக்கும் ஸென்னின் பிரேக், 50 குதிரைத்திறனைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஏர்பேக் கிடையாது; ஏ.பி.எஸ். கிடையாது.

தடையை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில் வெற்றிப் புன்னகை பூக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு அவர்களுக்கு எதிரானது. எஞ்சினை மாற்றியவர் பிரேக்கையும் மாற்றினாரா என்று இன்று யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்க்க முடியாது. பார்க்கக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். நல்ல பிரேக் போட்டவரும் போடாதவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. இன்னும் சொன்னால், அபராதம் மாற்றம் ஒன்றுக்கு 5,000 என்பதால், எஞ்சினோடு பிரேக்கையும் மேம்படுத்தியவர் இரண்டு மாற்றம் செய்தவராகக் கணக்கில் வரக்கூடும். பொறுப்போடு செய்தவருக்குக் கூடுதல் தண்டனை தரக்கூடிய ஒரு வாக்கியத்தைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம். அந்தக் கார் ஒருநாள் சாலையைக் கடப்பவர் ஒருவர் மீது மோதினால் நிலைமை இன்னும் மோசம். புத்தகத்துக்கும் காருக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பீட்டு நிறுவனம் வழக்காடக் கையிலெடுக்கலாம். இழப்பீட்டுக்குக் காத்திருப்பது எஞ்சினை மாற்றியவரின் குடும்பமன்று.

பரிசோதித்து அனுமதிக்கும் திறன் அரசுக்கு இல்லை என்பது அடுத்த வாதம். இருக்கிறது என்பதற்குச் சான்று அதே 52-ஆம் பிரிவில் உள்ளது. பெட்ரோல் காரை சி.என்.ஜி.க்கு மாற்றலாம். அதாவது, ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் வாயுவை அடைத்த கனத்த உருளையைக் குடும்பத்தின் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும், அங்கீகாரம் பெற்றவர் பொருத்த வேண்டும், ஆர்.சி.யில் குறிக்க வேண்டும், உருளையைக் குறித்த காலத்தில் அழுத்தச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். அபாயம் உண்டு, ஆகவே விதிகள் உண்டு. எஞ்சினையே கழற்றிவிட்டு பேட்டரியும் மோட்டாரும் வைப்பதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ‘தயாரிப்பாளர் குறித்த மூல வடிவம்’ அத்தனை புனிதமானதென்றால் இவை எப்படி உள்ளே வந்தன? அரசுக்கு வேண்டிய மாற்றம் என்றால் மூல வடிவம் வளைந்துகொடுக்கும். குடிமகனுக்கு வேண்டிய மாற்றம் என்றால் விறைத்துக்கொள்ளும்.

வெளியே நடப்பதையும் சற்றுப் பார்க்கலாம். பிரிட்டன் நெடுங்காலம் பின்பற்றிய புள்ளிமுறையில், மாற்றியமைத்த கார் தன் பழைய பதிவைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. அடிச்சட்டத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு வெறும் 1. காரின் அடையாளம் எஞ்சினில் இல்லை என்பது அந்தப் பட்டியலின் தெளிவான முடிவு. எஞ்சினை மாற்றியவர் அதை அறிவித்து ஆவணத்தைத் திருத்திக்கொண்டால் போதும். ஜெர்மனியில் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் காரை நேரில் சோதித்து, பிரேக்கும் கட்டமைப்பும் புதிய திறனுக்குத் தாங்குமா என்று பார்த்துச் சான்று தருகிறார். கலிஃபோர்னியாவில் வரும் எஞ்சின் காரின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதன் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் வர வேண்டும். கார்புரேட்டர் எஞ்சின் போய் எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின் வந்தால் காற்றுக்கும் நன்மைதான். மாசு என்ற வாதம் தடையை அல்ல, விதியையே கோருகிறது.

திருட்டு எஞ்சின் பற்றிய கவலை நியாயமானது. மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை எதற்குப் பெயர்பெற்றது என்பது ஊரறிந்தது. 2021-இல் காவல்துறை அதை மூடும்வரை திருட்டுக் கார்கள் அங்கே துண்டுதுண்டாயின. ஆனால் திருட்டு எஞ்சின் விரும்புவது இருட்டை. எண்ணைப் பதியாத சந்தைதான் அதன் வீடு. பதிவு நீக்கப்பட்ட காரின் எஞ்சின் என்பதற்கான சான்றும் ரசீதும் இருந்தால் மட்டுமே மாற்றத்தைப் பதிவோம் என்று விதி சொன்னால், மாயாபுரியிலும் புதுப்பேட்டையிலும் நேர்மையாகக் கடை நடத்துபவருக்கு ஒரு மதிப்பு பிறக்கும். இன்று அவரும் திருடனும் ஒரே தராசில் நிற்கிறார்கள். லஞ்சம் பெருகும் என்பவர்கள், இப்போது சாலையோரச் சோதனையில் மடிக்கப்பட்ட நோட்டு எந்தக் கணக்கில் போகிறது என்றும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சட்டத்தின் மீதான குற்றச்சாட்டு. இனி மற்ற இருவர்.

முதலாமவர் ஆர்வலர். எஞ்சினுக்கு லட்சம் செலவழித்து, பிரேக்குக்குக் காசில்லை என்று கைவிரிப்பவர். சைலன்சரை அறுத்துவிட்டு நள்ளிரவில் குடியிருப்புத் தெருவில் ரீல்ஸ் எடுப்பவர். தடைக்கு அவரைவிடச் சிறந்த வழக்கறிஞர் கிடையாது. உரிமை கேட்பவர் பரிசோதனையையும் சேர்த்தே கேட்க வேண்டும். பிரேக்கை முதலில், எஞ்சினைப் பிறகு என்ற ஒழுங்கு அவரிடமிருந்து வராதவரை அவருடைய முழக்கம் வெறும் புகைதான்.

இரண்டாமவர் கல்விப்புலத்தார். ‘ஜுகாட்’ என்ற சொல்லுக்குக் கருத்தரங்குகளில் கிடைக்கும் மரியாதை அளவற்றது. இருப்பதைக் கொண்டு இயற்றும் இந்திய மேதைமை என்று கட்டுரைகள் எழுதப்படுகின்றன. மேலாண்மைப் பள்ளிகளில் பாடமாகிறது. அந்த மேதைமையைக் கையில் வைத்திருக்கும் மெக்கானிக் மட்டும் எந்தக் கட்டுரையிலும் உரிமையோடு இடம்பெறுவதில்லை. ஒரு காரின் வயரிங்கை இன்னொரு காரின் கணினியோடு பேசவைப்பவர், மில்லிமீட்டர் பிசகாமல் மவுன்ட்டை வார்த்தெடுப்பவர், பட்டமோ சான்றிதழோ இல்லாமல் இயக்கவியலை விரல்நுனியில் வைத்திருப்பவர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியது இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் பெருமையோடு நினைக்கப்படுகிறது. பந்தயத் தளத்தில் பெருமையான அதே கைத்திறன், மதில் தாண்டிச் சாலைக்கு வந்தால் பரிசோதனைக்குக்கூட அருகதையற்றதாகிவிடுவது எந்த நியாயம்? சொல்லைக் கொண்டாடிவிட்டுச் செய்பவரைக் கைவிடுவது ஆய்வாகாது.

வேண்டியது பெரிய புரட்சியன்று. 1988-இன் வாக்கியம் வழி காட்டுகிறது: அறிவிப்பு, சோதனை, ஒப்புதல், திருத்தம். பிரேக், கட்டமைப்பு, புகை, எஞ்சின் எண் ஆகிய நான்கையும் ஒரு பொறியாளர் பார்க்கட்டும். தேறாத காரை நிறுத்தட்டும். தேறிய காரின் புத்தகத்தில் 1298 என்று எழுதட்டும். சாலையில் எதிரே வரும் கார் எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. இன்றைய சட்டம் பறித்திருப்பது அந்த உரிமையைத்தான்.