முதலாளிக்கு யார் சொல்வது?

கடைப் பையன் தப்பு செய்தால் சூப்பர்வைசர் திட்டுவார். சூப்பர்வைசர் தப்பு செய்தால் மேனேஜர் கூப்பிட்டுப் பேசுவார். மேனேஜரை முதலாளி பார்த்துக்கொள்வார். சரி, முதலாளியே தப்பு செய்தால்? கடை முழுக்கத் தெரிந்திருக்கும். அவர் காதுக்கு மட்டும் போகாது.

இந்தச் சிக்கலுக்குப் பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் மருந்துதான் 'எக்ஸிக்யூட்டிவ் கோச்'. கிரிக்கெட் கோச் மாதிரிதான். அவர் பேட் பிடிக்க மாட்டார், முடிவும் எடுக்க மாட்டார். பக்கத்தில் இருந்து கவனிப்பார், கேள்வி கேட்பார், முகத்துக்கு நேராகச் சொல்வார். இதற்குப் போய் இவ்வளவு ஃபீஸா, இதனால் வியாபாரம் வளருமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கூகுளின் கதையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

2001-ல் எரிக் ஷ்மிட் கூகுளுக்குத் தலைமை ஏற்க வந்தார். 'உனக்கு ஒரு கோச் வேண்டும்' என்றார் போர்டில் இருந்த முதலீட்டாளர் ஜான் டோர். ஷ்மிட்டுக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே பெரிய கம்பெனி ஒன்றை நடத்தியவர் அவர். நான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் முதலில் தோன்றியதாம். நம் ஊர் முதலாளியும் அதைத்தானே கேட்பார்!

வந்த கோச்சின் பெயர் பில் கேம்ப்பெல். அவருடைய பழைய ரெக்கார்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 1974 முதல் 1979 வரை கோச். 54 ஆட்டங்களில் 12 வெற்றி, 41 தோல்வி, ஒன்று டிரா. நாற்பது வயதை நெருங்கும்போது அதை விட்டுவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார். அப்புறம் ஆப்பிள், 'இன்ட்யூட்' என்று உயர்ந்தார். இடையில் அவர் தலைமை ஏற்ற 'கோ' என்ற கம்ப்யூட்டர் கம்பெனி கரை சேரவில்லை. தோற்ற அனுபவம் கை நிறைய உள்ளவர். கூகுளில் இந்த வேலைக்கு முதலில் பணமே வேண்டாம் என்றார். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். சம்பளத்துக்குப் பயப்படாதவர்தான் முதலாளியிடம் உண்மையைச் சொல்ல முடியும்.

என்ன செய்தார்? ரொம்பச் சாதாரணமான காரியங்கள். வாராந்தர மீட்டிங்கில் எடுத்தவுடன் கணக்கு வழக்கு பேசாதீர்கள், விடுமுறையில் யார் எங்கே போனீர்கள் என்று பேசிவிட்டுத் தொடங்குங்கள் என்றார். நம் ஊர் திங்கட்கிழமை மீட்டிங் 'டார்கெட் என்னாச்சு?' என்றுதானே ஆரம்பிக்கும்! பேச்சு வேலைக்குள் போவதற்குள் எல்லோரும் ஒருமுறை வாயைத் திறந்திருப்பார்கள். அப்புறம் கெட்ட செய்தி சொல்லவும் வாய் வரும்.

இன்னொன்று. கூகுளை ஆரம்பித்த லேரி பேஜுக்கு இன்ஜினீயர்கள் மேல் மேனேஜர்கள் இருப்பதே பிடிக்கவில்லை. 2001-ல் அந்த அடுக்கையே எடுத்துவிட்டார்கள். கேம்ப்பெல்லுக்கு அது சரியாகப் படவில்லை. பேஜோடு கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். 'அவர்களையே கேட்டுப் பார்ப்போமே' என்றார். கேட்டார்கள். எங்களுக்கு மேனேஜர் வேண்டும் என்றார்கள் இன்ஜினீயர்கள். கற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், இரண்டு பேர் முட்டிக்கொண்டால் முடிவு சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கொஞ்ச காலத்தில் மேனேஜர்கள் திரும்பி வந்தார்கள்.

2004-ல் பெரிய நெருக்கடி. கூகுள் பங்குகள் சந்தைக்கு வரவிருந்த நேரத்தில், ஷ்மிட்டை போர்டு தலைவர் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள். சி.இ.ஓ-வாக மட்டும் இருக்கலாம். மனம் நொந்துபோன ஷ்மிட், மொத்தமாகவே போய்விடலாமா என்று யோசித்தார். கேம்ப்பெல் அவரை உட்காரவைத்துப் பேசினார். இந்தச் சமயத்தில் நீ போகக் கூடாது, கம்பெனிக்கு நீ தேவை, பதவி பிறகு திரும்பி வரும். ஷ்மிட் தங்கினார். சில வருடங்களில் அந்தப் பதவியும் அவரிடமே வந்தது. மனைவியிடம் சொன்னால் கவலைப்படுவார், போர்டில் சொன்னால் பலவீனம் என்பார்கள், கீழே உள்ளவர்களிடம் சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட ஒரு விஷயத்தைக் கொட்ட அவருக்கு ஓர் இடம் இருந்தது.

2001-ல் கூகுளின் வருமானம் சுமார் 8.6 கோடி டாலர். ஷ்மிட் சி.இ.ஓ பதவியை விட்ட 2011-ல் சுமார் 3,790 கோடி டாலர். இதில் கோச்சின் பங்கு எவ்வளவு? தராசில் வைத்துச் சொல்லவே முடியாது. தேடுபொறி நன்றாக இல்லையென்றால் எந்த கோச் வந்தும் பயனில்லை. ஆனால் 2004-ல் ஷ்மிட் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோச்சால் வரும் லாபத்தில் பாதி, நடக்காமல் போன நஷ்டம். அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாது.

பின்னாளில் 'ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்ற பெயரில் கூகுள் தன் மேனேஜர்களையே ஆராய்ந்தது. நல்ல மேனேஜருக்கான எட்டுக் குணங்களில் முதலிடம், நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம். இன்ஜினீயர்கள் நிறைந்த கம்பெனியில்! கேம்ப்பெல் 2016-ல் காலமானார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் நம் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் ஒருவர்.

பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு கேம்ப்பெல் கிடைக்க மாட்டார். ரிட்டயரான ஆடிட்டரோ, உங்களோடு போட்டியில் இல்லாத வேறு ஊர் வியாபாரியோ போதும். காசு கொடுத்து வைப்பதென்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். நீங்கள் இல்லாதபோது உங்கள் ஆட்களிடம் தனியாகப் பேசுவாரா? அவர்கள் சொன்னதை, யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல் உங்களிடம் சொல்வாரா? முதல் சந்திப்பிலேயே 'லாபம் இத்தனை சதவிகிதம் ஏறும்' என்று ஆரம்பித்தால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.