வீட்டில் இரு என்றார்கள். அடுப்பெரிய வழி சொன்னார்களா?

கொரோனா ஊரடங்கின் முதல் நாட்களைப் பற்றி இப்போது சிலர் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். குடும்பங்கள் ஒன்று கூடினவாம், தந்தை பிள்ளைகளோடு விளையாடினாராம், வீடு சொர்க்கமாயிற்றாம்! எந்த வீடு? யாருடைய குடும்பம்? கம்பம் பள்ளத்தாக்கின் உழைக்கும் மக்கள் சார்பில் நாம் கேட்கிறோம்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடு முழுவதும் பூட்டப்பட்டது. 21 நாட்களுக்கு அவகாசம் நான்கே மணி நேரம்! வீட்டு வாசலே லட்சுமணக் கோடு என்றார். அந்தக் கோட்டுக்கு உள்ளே அரிசிப் பானை நிறைந்திருந்தவர்களுக்கு அது ஓய்வு. அன்றாடக் கூலிக்கு அது பட்டினி.

கம்பம், கூடலூர், தேவாரம், போடி வட்டாரங்களில் பொழுது விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறுகிறவர்கள் நம் சகோதரிகள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள். எல்லை மூடியது, ஜீப் நின்றது, கூலியும் நின்றது. 2019 ஆகஸ்டில்தான் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அந்தக் காயைப் பறித்த கைகளுக்கு எட்டு மாதம்கூடக் கழியுமுன் ஒரு வாரச் சோற்றுக்கு உத்தரவாதம் இல்லை! பஸ் நின்றுபோனதால் காட்டு வழியே வீடு திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள், அந்த மார்ச் மாதக் கடைசியில் போடி அருகே ராசிங்காபுரம் மலையில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். மாண்டவர்களில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. வீடு போய்ச் சேரவே வழியில்லாதவர்களிடம் வீட்டின் பெருமையைப் பேசுவது என்ன நியாயம்?

நோயைத் தடுக்க மக்கள் விலகியிருக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விலகியிருக்கச் சொன்ன சர்க்கார் சோற்றுக்குப் பொறுப்பேற்றதா என்பதே கேள்வி. ரேஷனில் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை கிடைத்தன, உண்மை. அதோடு கார்டுக்கு 1,000 ரூபாய். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஒரு மாதத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஆளுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. ஜன்தன் கணக்கில் பெண்களுக்கு மாதம் 500 வீதம் மூன்று மாதம்! மகளிர் குழுக் கடன் தவணைக்கு இது காணுமா? மருந்துக்குக் காணுமா?

ஓர் அறை வீட்டில் எல்லோரும் அடைந்து கிடந்தால் சுமை யார் தலையில் விழும்? பெண் தலையில்தான். கூலி போயிற்று, வீட்டு வேலை இரட்டித்தது. இந்த நிலையில் சர்க்கார் முதலில் எதைத் திறந்தது? பள்ளிக்கூடத்தையா? பஸ்ஸையா? மே 7 அன்று சாராயக் கடையை! மறுநாளே ஐகோர்ட் மூடச் சொல்லியும், சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிப்போய்த் திறந்தது. கஜானாவின் மீதிருந்த கவலையில் கால் பங்கு அடுப்பின் மீது இருந்ததா?

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை பள்ளி வாசலை மிதிக்கவில்லை. பாடம் செல்போனில் என்றார்கள். செல்போனே இல்லாத வீட்டுப் பிள்ளை எதில் படிக்கும்?

இன்றும் விடியுமுன் அந்த ஜீப்புகள் மலையேறிக்கொண்டுதான் இருக்கின்றன. நாளை இன்னொரு கொள்ளை நோய் வராது என்று யார் சொல்ல முடியும்? ஆகவே கோருகிறோம்: எல்லை கடந்து கூலிக்குப் போகும் ஒவ்வொருவரையும் தமிழக, கேரள சர்க்கார்கள் கூட்டாகப் பதிவு செய்யட்டும்! சர்க்கார் உத்தரவால் வேலை நின்றால் அந்த நாட்களுக்குக் கூலி கிடைக்கச் சட்டம் வரட்டும்! அந்த நாட்களில் கடன் வசூல் நிற்கட்டும்!

இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். ஊர் ஊராகக் கூடிப் பேசுவோம். ஒன்றுபட்டுக் கேட்டுப் பெறுவோம்!