சொட்டும் குழாயும் உப்புத் தண்ணீரும்

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகள் பலவற்றில் தண்ணீர் இருவகை. காவிரியிலிருந்து வருவது நல்ல தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது உப்புத் தண்ணீர். பின்னதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் குழாயினுள் வெண்படலமாக உறைகின்றன. அப்படலம் வாஷரை அராவ, திருகுக் குழாய் சொட்டத் தொடங்குகிறது. நாமோ மேலும் இறுக்கித் திருகுகிறோம். வாஷர் இன்னும் நைந்துபோகிறது. பிறகு பிளம்பர் வரும்வரை அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

சொட்டு ஒன்று கால் மில்லி எனக் கொள்வோம். நொடிக்கொரு சொட்டு எனில் நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் இது சிறு கணக்கா?

மேல்தொட்டியின் கேட் வால்வு எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை மூடித் திறந்தால் உப்புப் பிடித்து இறுகாது. வாஷர் மாற்றுவதும் எளிதே. வால்வை மூடி, குழாயில் எஞ்சிய நீரை வடித்து, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றி, படிந்த உப்பைச் சுரண்டிவிட்டு, அதே அளவுள்ள புது வாஷரைப் பொருத்தினால் போதும்.

சுவருக்குள் ஓடும் குழாய் கசிந்தால் பிளம்பரை அழைப்பதே முறை. ஆனால் சில ரூபாய் வாஷருக்காக அவர் வரவை எதிர்நோக்கி, நாள்தோறும் ஒரு குடத்துக்கு மேல் நீரை இழப்பது நமக்கு அழகன்று என்பது என் கருத்து.