கோச்சைத் துரத்திய நாம்

2019 நவம்பர் 30 அன்று சென்னையின் எஃப்சி கால்பந்து அணியிலிருந்து கோச் ஜான் கிரிகரி விலகினார். பரஸ்பர சம்மதம் என்றது நிர்வாகம். மதுரை டீக்கடைகளில் அதற்கு நாம் வைத்த பேர், தூக்கிட்டாங்க. ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, முதல் நான்கில் ஒரு கோல்கூட இல்லை. "இந்த ஆளை அனுப்பிட்டா டீம் தேறிடும்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், பலித்துவிட்டது.

2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்று கோப்பை வாங்கித் தந்தவரும் இதே கிரிகரிதான். அடுத்த பருவத்தில் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு அடிமட்டத்துக்குப் போனதும் அந்த ராத்திரியை அடியோடு மறந்தோம். முன்கள வீரர் ஜேஜே கோல் போட முடியாமல் தவித்தார், அதற்கடுத்த பருவம் காயத்தால் ஆடவே இல்லை. அதற்குக் கோச் என்ன செய்வார் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு சுவாரசியம் குறைந்திருக்கும்.

கிரிகரிக்குப் பின் ஓவன் கோயில் கோச்சாக வந்து அநேகமாக அதே ஆட்களை வைத்துக்கொண்டு இறுதிப்போட்டி வரை கூட்டிப்போனார். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அது நமக்கு ரொம்ப வசதியாகிவிட்டது. அதிலிருந்து, தோற்றால் கோச்சை மாற்று என்பது ஒன்றுதான் நாம் கற்ற கால்பந்து. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றபின் அப்போதைய கோச் பாண்டோவிச் போனார். மிச்ச ஆட்டங்களை நம்ம தமிழ்நாட்டு ஆள் சபீர் பாஷா தலையில் கட்டினார்கள். இடைப்பட்ட நாளுக்கு மட்டும்தானா இவர் என்று நாம் வாயைத் திறந்தோமா? அடுத்த வெளிநாட்டுக்காரர் யார் என்று ஊகிப்பதில் மும்முரமாக இருந்தோம்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை. கிரிகரி போவதற்கு ஆறு மாதம் முன்னால், 2019 மே மாதம், லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது சேது எஃப்சி. மதுரை அணி. காரியாபட்டிப் பக்கத்துச் சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்தது. சென்னையின் எஃப்சி கடைசி இடத்தில் கிடந்த அதே பருவத்தில் நம்ம ஊர்ப் பெண்கள் அணி நாட்டுக்கே முதலிடம். நமக்கு அது ஒரு மூலைச் செய்தி. பலருக்கு அதுவும் இல்லை. அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் முந்தைய ஆண்டுதான் தேசிய சாம்பியன்ஷிப்பை முதல்முறை வென்ற தமிழ்நாட்டு அணியிலும் இருந்தார். நமக்கு வால்ஸ்கிஸின் கோல் கணக்குத் தெரியும், இவருடையது தெரியாது.

யாரும் மறைத்து வைக்கவில்லை. சென்னை ஆட்டம் செல்போனில் தானாக வந்து நின்றது, பார்த்தோம். சேது ஆட்டத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது, போகவில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சாயங்காலம் பயல்கள் பந்தடிப்பதை வண்டியில் போகிற போக்கில் பார்த்ததோடு சரி; இறங்கி நின்று ஒரு பாதி ஆட்டம் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கோச் வேண்டாம் என்று கத்தக் காசு செலவில்லை, வெயிலும் இல்லை.

இப்போது நம் கூட்டத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. பெண்கள் லீக்கின் அடுத்த அட்டவணை வந்ததும் சேது ஆட்டத் தேதிகளை முதலில் குறித்துக்கொள்வது, பக்கத்தில் நடந்தால் வேன் பிடிப்பது, வெளியூர் என்றால் அதே டீக்கடையில் அதே செல்போனில் பார்ப்பது. ஆட்டம் இல்லாத நாளில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிக் காரியாபட்டிப் பக்கம் போய், பயிற்சி பார்க்க விடுவார்களா என்று விசாரிக்கலாம் என்றார் ஒரு அண்ணன்.

"தோத்துட்டா கோச்சைத் திட்டலாமாண்ணே?" என்றான் ஒரு தம்பி.

"முதல்ல அந்தக் கோச் யாருன்னு கேட்டுட்டு வாடா."