இரும்பு அரிசியும் சராசரிக் கணக்கும்

ஆரப்பாளையத்து ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "அரிசியிலே பிளாஸ்டிக்கைக் கலந்து கொடுக்கிறான், ஊறப் போட்டால் மிதக்குது, பாருங்க" என்பார் ஒருவர். "ஆமாம், எங்க வீட்டிலும் மஞ்சளாச் சில மணி கிடந்தது" என்பார் அடுத்தவர். பேச்சு பஸ் நிலையத்தைத் தாண்டி, புட்டுத்தோப்பு வரை போய்விடும்.

அது பிளாஸ்டிக் இல்லை, தோழர்களே! அரிசி மாவோடு இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி-12 வைட்டமின் ஆகியவற்றைப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்தெடுத்த மணி அது. நூறு கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கிறார்கள். இதை வரிசையில் நிற்பவருக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் வதந்திக்கு வேலை இருந்திராது. சொல்லாமல் விட்டது யார் குற்றம்? மூட்டையைச் சுமந்து செல்லும் ஏழையின் குற்றமா?

வதந்தியை மறுத்துவிட்டோம், விஷயம் முடிந்தது என்று நாம் திரும்பிவிட முடியாது. அந்த வதந்திக்குள்ளே நியாயமான கேள்வி ஒன்று ஒளிந்து கிடக்கிறது. "தினம் மூன்று வேளையும் இதைத்தானே சாப்பிடுகிறேன், என் உடம்புக்குள் எவ்வளவு இரும்பு போகிறது? அது போதுமா, மிஞ்சுமா?" இதற்குப் பதில் சொல்ல வேண்டியவை தேசிய அளவில் எடுக்கப்படும் உணவுக் கணக்கெடுப்புகள். அவற்றின் நிலைமை என்ன என்பதைப் பார்ப்போம்.

2021 ஆகஸ்டு 15-ந் தேதி செங்கோட்டையில் பேசிய பிரதம மந்திரி, 2024-க்குள் ஏழைகளுக்கான எல்லாத் திட்டங்களிலும் செறிவூட்டிய அரிசிதான் வழங்கப்படும் என்று அறிவித்தார். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே திருச்சி மாவட்டத்தில் முன்னோட்டம் நடந்தது. 2024 அக்டோபரில் மத்திய மந்திரி சபை இத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க ஒப்புதல் தந்து, 17,082 கோடி ரூபாய் ஒதுக்கியது.

காரணம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. சிறு குழந்தைகளில் 67 பேருக்கு! நோய் இல்லை என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் அளந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 2016-18-ல் நடந்த இன்னொரு தேசியக் கணக்கெடுப்பு, ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 பேருக்குத்தான் ரத்தசோகை என்றது. ஆண்டும் வேறு, வயது வரம்பும் சற்றே வேறு என்பது உண்மை. ஆயினும் ஒன்றில் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மற்றதில் நரம்பிலிருந்து எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சோதித்தார்கள். எடுத்த முறை மாறினால் எண்ணும் மாறுகிறது. ரத்தத்துக்கே இந்தக் கதி என்றால், சோற்றுக் கணக்கு எப்படி இருக்கும்?

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதிப்படி ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்று வைத்துக் கொள்வோம். தலைக்கு ஐந்து கிலோ. நாளொன்றுக்கு சுமார் 167 கிராம். அதில் இரும்பு ஐந்து முதல் ஏழு மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் பெரியவர்களுக்கு விதித்த உச்ச வரம்பு 45 மில்லிகிராம். "பார்த்தீர்களா, எவ்வளவோ குறைவு! பயம் எதற்கு?" என்று அதிகாரி கேட்பார்.

சராசரியின்படி அவர் சொல்வது சரி. ஆனால் சராசரி மூட்டை தூக்குவதில்லையே! சுமை தூக்கும் தோழர் ஒருவர் நாளைக்கு அறுநூறு கிராம் அரிசிச் சோறு சாப்பிடுகிறார். உழைப்பு அப்படி. அத்தனையும் செறிவூட்டிய அரிசி என்றால், அதிலிருந்து மட்டும் 17 முதல் 25 மில்லிகிராம். வீட்டில் வாங்குவது இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பா? அதில் கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இரும்பு. பத்து கிராம் உப்புக்குப் பத்து. கீரை, பருப்பு, குழம்பு எல்லாம் சேர்ந்து இன்னொரு பத்து என்று வையுங்கள். 45-ஐத் தொட்டாயிற்று.

அதே வீட்டில் அவர் மனைவி கடைசியாகச் சாப்பிடுகிறார். சட்டியில் மிஞ்சியது இருநூறு கிராம் அரிசிச் சோறு. அவருக்கு அரிசியால் கிடைப்பது ஆறு முதல் எட்டரை மில்லிகிராம். கவுன்சிலின் கணக்குப்படி சராசரித் தேவை ஆணுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 15. தேவை குறைந்தவருக்கு அதிகம் போகிறது. தேவை மிகுந்தவருக்குக் குறைவாகப் போகிறது. குடும்பத்துக்கு வாங்கிய அரிசியைத் தலைக்கு வகுக்கும் கணக்கெடுப்பு இந்த அநியாயத்தைக் காட்டவே காட்டாது. அரிசிப் பானை வீட்டுக்குள் வந்ததோடு அதன் கண் மூடிக்கொள்கிறது.

சரி, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டால்? அதிலும் சிக்கல் உண்டு. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதுவது வழக்கமான முறை. திங்கட்கிழமை வந்து கேட்டால் நம் மதுரைக்காரர் என்ன சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டியும் ஈரலும் சாப்பிட்டதைச் சொல்வார். இரும்பும் வைட்டமின் ஏ-யும் மலை போல ஏறி நிற்கும். வியாழக்கிழமை கேட்டால் ரசமும் ஊறுகாயும், கணக்கு பாதாளத்தில். அந்த ஒரு நாளை அவருடைய வாழ்க்கை முழுமைக்கும் பொருத்தினால் மிகையாகச் சாப்பிடுகிறவரும் பெருகுவார், குறையாகச் சாப்பிடுகிறவரும் பெருகுவார். இரண்டும் பொய். ஒரே ஆளைக் குறைந்தது இரண்டு நாளாவது கேட்டு, நாளுக்கு நாள் மாறும் மாற்றத்தைக் கணித முறையில் கழித்தால்தான் அவருடைய வழக்கமான உணவு தெரியும். அதன் பிறகே வரம்பைத் தாண்டியவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று சொல்ல இயலும்.

மாத்திரையின் கதை வேறு. 2018-ல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், கருவுறாத பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு. கருவுற்ற தாய்மாருக்குத் தினம் ஒன்று. மாத்திரை போட்ட மறுநாள் கேட்டால் ஒரு கணக்கு, மூன்று நாள் கழித்துக் கேட்டால் வேறு கணக்கு. ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு எட்டரை. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு எதுவரை கேட்கிறது? அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர் என்பதோடு சரி. சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையில் எத்தனையை விழுங்கினாள், எத்தனையைப் பரண்மேல் போட்டாள் என்பது அதில் வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 45 மில்லிகிராம் விஷத்தின் எல்லை அல்ல. பெரும்பாலும் வயிற்றுக் கோளாறை வைத்துப் போட்ட வரம்பு அது. ஒருநாள் தாண்டினால் ஒன்றும் ஆகிவிடாது. இரத்தசோகை உள்ள தாய் டாக்டர் கொடுத்த மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்தினால் அது பெருந்தவறு. நாம் கேட்பது, நிரந்தரமாகக் கூடுதலாய்ப் போகிறவர்கள் யார், எத்தனை பேர் என்பது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அனுரா குர்பாட் போன்ற விஞ்ஞானிகள், ஒன்றின் மேல் ஒன்றாக இரும்பை அடுக்கும் இந்த முறையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வருகிறார்கள். சர்க்கார் தரப்பு நிபுணர்கள் மறுக்கிறார்கள். தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்காகப் பையில் அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கை வாசகத்துக்கு அவசியம் இல்லை என்று கமிட்டி கூறியது. 2024 ஜூலையில் அது விதியிலிருந்து நீக்கப்பட்டது. வாக்குவாதம் தீர்வதற்கு என்ன வேண்டும்? தொடர்ச்சியான உணவுக் கணக்கு வேண்டும்.

அது நம்மிடம் இருந்தது! 1918-ல் நம் குன்னூரில் மெக்காரிசன் சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1972-ல் அங்கே அமைந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பகம், தமிழ்நாடு உள்ளிட்ட மாகாணங்களில் வீடு வீடாகப் போய் உணவை நிறுத்தும் கேட்டும் எழுதியது. அதைக் குறைகளோடு செய்தது, ஆனால் செய்தது. 2015-ல் அதை மூடினார்கள். கண்காணிப்பகத்தை மூடிய சில ஆண்டுகளில், நாடு முழுவதும் சோற்றில் சத்தைக் கலக்கும் திட்டம் வந்தது. தராசை விற்றுவிட்டுக் கடை திறந்த வியாபாரியை எங்காவது கண்டதுண்டா?

பின்னர் ஐதராபாத் நிறுவனம் உணவையும் நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தையும் சேர்த்தே அளக்கும் புதிய தேசியக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. நல்ல வேலை. அப்படிப்பட்ட கணக்கெடுப்பு ஊழியர் வைகைக் கரைச் சந்துகளுக்குள் வந்தால் தோழர்கள் கதவைச் சாத்த வேண்டாம். உட்கார வைத்து, ரேஷன் அரிசி எத்தனை நாள், கடை அரிசி எத்தனை நாள் என்று சொல்லுங்கள். உப்புப் பாக்கெட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். முக்கியமாக, பதிலை நீங்களே சொல்லிவிடாமல், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரைக் கூப்பிட்டுப் பேச விடுங்கள்.