தானத்து மாடும் போடி ரயிலும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி உண்டு. ரயில் சிமுலேட்டர் உலகத்தில் இந்தப் பழமொழிக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் இல்லை. யாராவது ஒரு ரூட்டையோ, எஞ்சினையோ, ஸ்டேஷனையோ செய்து பொது லைப்ரரியில் ஏற்றிவிட்டால் போதும். அதில் தப்பு இருக்கிறது என்று வாயைத் திறந்தால், "ஓசியில்தானே தருகிறார்? பிடித்தால் ஓட்டு, இல்லாவிட்டால் விடு" என்று பத்துப் பேர் பாய்ந்து வருவார்கள்.

முதலில் இந்தப் பழமொழியைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 2001-ல் மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர் வந்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான் என்று மொத்தம் ஆறு ரூட். இந்தியா கிடையாது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து 'டிரெயின்ஸ்' என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் இத்தனை வருஷம் வாழவைத்தது ரசிகர்கள்தான். அவர்கள் தாங்களே செய்து, லைப்ரரிகளில் ஏற்றி, காசு வாங்காமல் பகிர்ந்துகொண்டார்கள். மைக்ரோசாப்ட் தன் சிமுலேட்டரை எப்போதோ கைகழுவிவிட்டது. ஆனால் அதற்காகச் செய்த பழைய கோப்புகளை 'ஓப்பன் ரெயில்ஸ்' என்கிற இலவச மென்பொருள் இன்றும் ஓட்டுகிறது. அதாவது, இன்று ஒருவர் அவசரமாக ஏற்றும் கோப்பு இருபது வருஷம் கழித்தும் ஓடும். அதில் உள்ள பொய்யும் சேர்ந்தே ஓடும்!

சரி, போடிக்கு வருவோம்.

மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுத்தார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கி.மீ. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் முடிவோடு ரயிலை நிறுத்தினார்கள். அடுத்த ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். பதினோரு வருஷத்துக்கு மேல் தேனி மாவட்டத்தில் பயணிகள் ரயிலே கிடையாது. 2010-ல் பிறந்த ஒரு தேனிப் பிள்ளை சொந்த ஊரில் ரயிலைப் பார்க்க ஏழாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பார்த்தது அகலப் பாதை ரயிலை. மீட்டர் கேஜ் ரயில் அந்தப் பிள்ளைக்குத் தாத்தா சொல்லும் கதை மட்டும்தான்.

இப்போது 'போடி லைன் மீட்டர் கேஜ்' என்று ஒருவர் ஒரு ரூட் செய்வதாக வைத்துக்கொள்வோம். எப்படிச் செய்வார்? நிலத்தின் உயரத்துக்கு, 2000-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த அளவீடு இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மேற்குத் தொடர்ச்சி மலை அதில் நன்றாகவே வரும். ஆனால் ஆண்டிபட்டிக் கணவாயில் ஒற்றைப் பாதைக்காகப் பாறையை வெட்டிய இடம் வருமா? வராது. 30 மீட்டர் சல்லடையில் அந்த வெட்டு ஒழுகிப் போய்விடும். பாதை எங்கே போகிறது என்று பார்க்க இன்றைய செயற்கைக்கோள் படத்தை எடுத்தால், அதில் இருப்பது புதிய அகலப் பாதை, புதிய பிளாட்பாரம், புதிய பாலம். ஆக, சுலபமாகக் கையில் கிடைப்பதெல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு. செய்யப்போவதோ அந்தக் காலத்து ரூட்!

அடுத்தது எஞ்சின். மீட்டர் கேஜில் ஓடியது ஒய்.டி.எம்.-4. அதற்கு ஆறு சிலிண்டர், சுமார் 1400 குதிரைத்திறன். அகலப் பாதையின் டபிள்யூ.டி.எம்.-2-க்குப் பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத்திறன். இரண்டுமே ஆல்கோ வம்சம்தான், ஆனால் சத்தம் ஒன்றல்ல. பெரியதன் சத்தத்தைச் சின்னதன் மேல் ஒட்டிவிட்டால் தொண்ணூறு சதவீதம் பேருக்குத் தெரியாது. தண்டவாளமும் அப்படித்தான். மைக்ரோசாப்ட் கொடுத்தது 1435 மி.மீ. அகலம், மீட்டர் கேஜ் 1000 மி.மீ. 'யார் டேப் வைத்து அளக்கப் போகிறார்கள்' என்று அப்படியே விட்டுவிடலாம். ஸ்டேஷன் கட்டடம்? வேறு யாரோ வேறு ஊருக்குச் செய்ததை எடுத்துப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் 'உசிலம்பட்டி' தயார்.

இப்படிச் செய்வது குற்றமா? இல்லை. ஒண்டியாளாக 90 கி.மீ. செய்கிறவர் எல்லாவற்றையும் அளந்து செய்ய முடியாது. ஒட்டத்தான் வேண்டும், ஊகிக்கத்தான் வேண்டும். எது ஊகம், எது ஒட்டு, எது அசல் என்று சொல்லாமல் ஏற்றுவதுதான் குற்றம். 'மதுரை டு போடி, ஜாலியா ஓட்டுங்க!' என்று ஒரே வரியில் ரீட்மீ எழுதினால் என்ன அர்த்தம்? வவுச்சர் இல்லாமல் நூறு ரூபாய் செலவு எழுதினாலே ஆடிட்டர் சிவப்புப் பேனாவை எடுப்பார். ஒரு மாவட்டத்தின் எண்பது வருஷ ரயிலுக்கு வவுச்சர் வேண்டாமாம்!

லைப்ரரிகள் என்ன செய்கின்றன? டிரெயின்ஸின் லைப்ரரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. செய்தவர் யார் என்பது அந்த எண்ணிலேயே இருக்கும். கோப்பு குறைந்தால், பிழை காட்டினால், ஏற்றுக்கொள்ளாது. நல்லதுதான். மைக்ரோசாப்ட் பக்கத்திலும் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கம்பெனியின் கோப்புகளை மறுபடி விநியோகிக்கக்கூடாது என்பதால், அவற்றைப் பயனாளியின் கணினியிலிருந்தே நகலெடுத்துக்கொள்ள 'இன்ஸ்டால்மீ' என்று ஒரு சின்னக் கோப்பைச் சேர்த்து அனுப்புவார்கள். கம்பெனி சொத்துக்கு அவ்வளவு மரியாதை. சக ரசிகன் ராத்திரி கண்விழித்துச் செய்த பெட்டிக்கு? சத்தத்துக்கு? அதை அனுமதி கேட்காமல் எடுத்துப்போட்டால் மட்டும் அது 'பகிர்வு' ஆகிவிடுகிறது. கோப்பு இருக்கிறதா என்று மெஷின் பார்க்கும். உண்மை இருக்கிறதா என்று மனிதன்தான் பார்க்க வேண்டும்.

"கெடுபிடி செய்தால் புதிதாக யாரும் வரமாட்டார்கள்" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கேட்பது என்ன? நாலே நாலு பதில். எந்த வருஷத்து ரயில்? எதை நேரில் பார்த்தோ அளந்தோ செய்தீர்கள்? எது ஊகம்? யாருடைய வேலையை, யாரிடம் கேட்டு எடுத்தீர்கள்? இதை எழுதப் பத்து நிமிஷம் ஆகும். ஒரு ரூட் செய்ய மாதக்கணக்கில் உட்காருகிறவருக்குப் பத்து நிமிஷம் பாரமா? அரைகுறையாகச் செய்து, 'இது அரைகுறை' என்று எழுதினால் அதுவே நல்ல பதிவு; அடுத்தவர் திருத்திக்கொள்வார். அழகாகச் செய்து ஒன்றுமே எழுதாமல் விட்டால், அடுத்தவர் அந்தத் தப்பையே ஆதாரமாக வைத்து இன்னொன்று செய்வார்.

கற்பனையும் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்கு இன்றுவரை ரயில் இல்லை. திண்டுக்கல்லில் இருந்து லோயர் கேம்ப் வரை பாதை வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை யாராவது சிமுலேட்டரில் போட்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ரயில் விட்டால் கண்கொள்ளாக் காட்சிதான். 'இது கற்பனை' என்று முதல் வரியில் இருந்தால் போதும்.

"விளையாட்டுதானே, இதற்குப் போய் இவ்வளவா?" என்பவர்கள் போடிக்கு மேலே மலையைப் பார்க்கட்டும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. அங்கிருந்து ரோப்வே வழியாகத் தேயிலை கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போனது போனதுதான். இன்று அதைச் செய்ய நினைப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? ஓட்டிய ஒருவரும் இல்லை.

போடி லைனுக்கு அந்த நிலைமை இன்னும் வரவில்லை. மீட்டர் கேஜில் கேட் போட்டவர்கள், பாயிண்ட் மாற்றியவர்கள், தண்டவாளத்தில் நடந்து போல்ட் முடுக்கியவர்கள் தேனியிலும் ஆண்டிபட்டியிலும் உசிலம்பட்டியிலும் பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "ஐயா, குன்னூர்கிட்ட வைகைப் பாலத்துல வண்டி எவ்வளவு வேகத்துல போகும்?" என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். இன்னும் பத்து, பதினைந்து வருஷம் போனால் கேட்க ஆள் இருக்காது. லைப்ரரியில் கிடக்கிற கோப்புதான் சாட்சி சொல்லும்.

எனவே மாட்டின் பல்லைத் தாராளமாகப் பிடித்துப் பார்க்கலாம். இந்த மாடு கொடுக்கிறவருடையது மட்டும் இல்லை, ஊர் மாடு.